ஆற்றுப்பக்க ஒலிபெருக்கி

கோல்ட்விக் ஊரில் சாகிறவர்கள் ஆகஸ்டுக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் செத்துப்போவது நல்லது. கால்பந்துப் பருவம் அதற்குள்தான் அடங்குகிறது. பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டத்தில், பந்தை உதைப்பதற்கு முன், அந்தப் பருவத்தில் இறந்த ரசிகர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் படிப்பார்கள். மைதானமே எழுந்து ஒரு நிமிடம் கைதட்டும். ஜூனில் இறந்தவர்கள் எந்தப் பருவத்திலும் சேரமாட்டார்கள். இதைப் பற்றிக் கழகம் பல ஆண்டுகளாக யோசித்துவருகிறது.

லியான் அக்டோபரில் இறந்தாள். அந்த வகையில் சிக்கல் இல்லை.

பெயர்களைப் படிக்கிறவன் அவள் கணவன் கீரன் அக்ராய்ட். பள்ளியில் புவியியல் நடத்துகிறவன். குரல் நன்றாக இருக்கிறது என்று யாரோ சொல்லப்போய், சனிக்கிழமைகளில் கோல்ட்விக் டவுன் மைதானத்தின் அறிவிப்பு அறைக்கு அவன் ஏறி ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அறை என்றால் இரும்புப் படிகளுக்கு மேல் ஒரு மரப்பெட்டி. கீழே தேநீர்க் கடை. அதில் லியான் நின்று தேநீர் ஊற்றுவாள். கோல் விழுந்தால், அடித்தவன் பெயரைச் சொல்வதற்கு முன் கீரன் காலால் தரையை ஒரு தட்டுத் தட்டுவான். அவள் கீழிருந்து கரண்டியால் கூரையைத் தட்டுவாள்.

இப்போது கீழே ஒரு தானியங்கித் தேநீர் இயந்திரம் நிற்கிறது.

நவம்பரில் கழகத் தலைவர் கிளைவ் வோமர்ஸ்லி அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். கம்பளக் கடை வைத்திருப்பவர். கழகத்துக்குத் தலைவர் என்பதைவிட, கழகத்தின் பகைமைக் காப்புக் குழுவுக்குத் தலைவர் என்பதில்தான் அவருக்குப் பெருமை. கால்பந்து லீக்கின் எட்டாம் அடுக்கில் கிடக்கும் கழகத்துக்கு வேறு சொத்து இல்லை. கோப்பை இல்லை, புல் சரியில்லை. மூன்று மைல் தள்ளி ஹேஸல்பி ரோவர்ஸ் இருக்கிறது. போருக்கு முந்தைய ஏதோ ஓர் ஆண்டில் ஹேஸல்பிக்காரர்கள் கோல்ட்விக்கின் கோல் கம்பத்துக் குறுக்குக் கட்டையைத் திருடிக்கொண்டு போனார்கள் என்பது வரலாறு. எந்தப் போர் என்பதில் குழுவுக்குள்ளேயே இரண்டு கட்சி. ஹேஸல்பியில் கேட்டால், கட்டையைத் திருடியது கோல்ட்விக் என்பார்கள். இரண்டு ஊர்க்காரர்களும் வேலை பார்ப்பது ஒரே பிஸ்கட் ஆலையில்.

குழு வட்டமாக உட்கார்ந்திருந்தது. கீரனுக்கு நாற்காலி போட்டார்கள். இரங்கல் தெரிவித்தார்கள். பிறகு வோமர்ஸ்லி தொண்டையைச் செருமிக்கொண்டு, லியானின் பெயரைக் கடைசி ஆட்டத்தில் படிப்பது குறித்து ஓர் ஆட்சேபணை வந்திருக்கிறது என்றார். அவள் ஹேஸல்பியில் பிறந்தவள். அது மட்டும் அல்ல. அவள் அப்பா டெரிக் பிக்கர்ஸ்கில் ஹேஸல்பி அணிக்குச் சட்டை துவைத்து மடிக்கிறவர், இன்றுவரை.

"தப்பா நெனைச்சுக்காத தம்பி," என்றார் வோமர்ஸ்லி. "செத்தவங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் கெடையாது. என் கடைல பாதி யாவாரம் ஹேஸல்பிக்காரங்கதான். தங்கமான ஜனங்க. என் சம்பந்தியே அந்த ஊருதான். ஆனா அதெல்லாம் வாரநாள். சனிக்கெழம மூணு மணிக்கு மேல மனுஷனுக்குக் கொள்கைன்னு ஒண்ணு வேணும்."

கீரனுக்குப் புரியவில்லை. ஆறு ஆண்டு அவள் கையால்தானே எல்லோரும் தேநீர் குடித்தீர்கள் என்று கேட்டான்.

"டீ நல்லாருக்கும்," என்றாள் மார்ஜரி. ஓய்வுபெற்ற ஓட்டுநர் உரிமத் தேர்வாளர், குழுவின் செயலாளர். "அத நான் குறிப்புலயே எழுதியிருக்கேன்."

நியாயமாக நடந்துகொள்ளக் குழு விரும்பியது. பிறப்பு ஒருவர் கையில் இல்லை. வெறுப்பு கையில் இருக்கிறது. ஆகவே அவள் தன் ஊரை வெறுத்தாள் என்று காட்டினால் போதும். ஹேஸல்பியை அவள் எப்போதாவது திட்டியிருக்கிறாளா என்று மார்ஜரி கேட்டாள்.

கீரன் யோசித்தான். "அந்த ஊரு பஸ் ஸ்டாண்டு நாறும்னு சொல்லுவா."

"எப்பவும் நாறுமா?"

"மழ பெஞ்சா."

வோமர்ஸ்லி வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "மழ பெஞ்சா எல்லா பஸ் ஸ்டாண்டும்தான் நாறும். அது பகை இல்ல தம்பி. மூக்கு."

ஹேஸல்பி தோற்ற நாள்களில் அவள் சிரித்திருக்கிறாளா என்று அடுத்து கேட்டார்கள். அந்த நாள்களில் அவள் அப்பாவின் தேநீரில் சர்க்கரை ஒரு கரண்டி கூடப் போடுவாள் என்று கீரன் உண்மையைச் சொன்னான். வட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. இதைக் குறிப்பில் ஏற்றவேண்டுமா, விட்டுவிடலாமா என்று மார்ஜரி கனிவாகக் கேட்டாள்.

"கடைசியா," என்றார் வோமர்ஸ்லி. "போறப்ப எதாச்சும் சொன்னாங்களா?"

லியான் கடைசியாகச் சொன்னது, பால் தீர்ந்துவிட்டது, வரும்போது வாங்கி வா என்பது. செவ்வாய்க்கிழமை காலை. அவன் பாலோடு வந்தபோது வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. தலைக்குள் ஏதோ வெடித்துவிட்டது என்றார்கள். அந்தப் பாலை அவன் கொட்டாமல் ரொம்ப நாள் வைத்திருந்தான்.

வட்டம் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் அதட்டவில்லை, மிரட்டவில்லை. ஒரே ஒரு வாக்கியம்தான். அதைச் சொன்னால் ஏப்ரலில் அவள் பெயரைத் தன் வாயால் படிக்கலாம்.

"சொன்னா," என்றான். "ஹேஸல்பின்னாலே பிடிக்கலன்னு சொன்னா."

மார்ஜரி எழுதினாள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வோமர்ஸ்லி எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டார். அவர் கோட்டில் புதுக் கம்பள வாசனை அடித்தது.

ஒரு பொய் ஒரு வீட்டுக்குள் கிடந்தால் கிடந்த இடத்தில் கிடக்கும். குழுவிடம் போனால் வளரும். அது குறிப்பேட்டில் 'இறுதி மூச்சிலும்' என்று ஆனது. அடுத்த ஆட்டத்தின் அச்சிட்ட தாளில் 'மரணப் படுக்கையில், கணவனின் கையைப் பற்றியபடி' என்று ஆனது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஹேஸல்பியோடு ஆட்டம். வழக்கமாக நூற்றைம்பது பேர் வரும் மைதானத்துக்கு அன்று ஆயிரம் பேர் வந்தார்கள். உள்ளூர் ரசிகர்கள் நிற்கும் ரயில்பக்கத்து மேடையில் இரண்டு படுக்கை விரிப்புகளைத் தைத்துச் சேர்த்து ஒரு பதாகை தொங்கியது. 'லியான்: அங்கே பிறந்தாள், தப்பி வந்தாள்.' எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கோப்பை வரைந்திருந்தார்கள், நன்றாகவே வரைந்திருந்தார்கள்.

பாட்டும் கட்டிவிட்டார்கள். ஒரே வரி. திரும்பத் திரும்ப.

*லியானுக்குத் தெரியும், லியானுக்குத் தெரியும், ஹேஸல்பி எப்படி நாறும்னு லியானுக்குத் தெரியும்.*

மனைவியின் பெயரை ஆயிரம் பேர் பாடிக் கேட்பது தாரமிழந்த எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கீரன் மேலே உட்கார்ந்து கேட்டான். அவனை அறியாமல் கால் ஒருமுறை தரையைத் தட்டியது. கீழே இயந்திரம்தான் இருந்தது.

அப்போது கண்ணாடி வழியே டெரிக்கைப் பார்த்தான். வீரர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வாளியோடு சுரங்கவழியிலிருந்து வெளியே வந்தவர், பதாகையின் முன் நின்றார். படித்தார். மெதுவாகப் படிக்கிறவர் என்பதால் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே உள்ளே போய்விட்டார். தண்ணீர் கேட்டு ஹேஸல்பி வீரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அவரைப் பார்க்காமல் இருக்கவும் வழியில்லை. இரண்டு குளிர்காலத்துக்கு முன் ஆறு பெருகி ஹேஸல்பி மைதானத்தை அள்ளிக்கொண்டு போனபிறகு, அந்த அணியும் கோல்ட்விக் மைதானத்தில்தான் ஆடுகிறது. ஒரு சனி இவர்களுக்கு, மறு சனி அவர்களுக்கு. எதிரிக்கு எதற்கு இடம் என்று அப்போது ஊரில் கேட்டவர்களுக்கு வோமர்ஸ்லி சொன்ன பதில் பெயர்பெற்றது. "எதிரி செத்துட்டா நாம யார வெறுக்கிறது? அதுக்கடுத்த ஊரு நாப்பது மைலு. அம்புட்டு தூரம் போயி வெறுக்க டீசல் யாரு போடுவா?" ஒலிபெருக்கியும் மைதானத்தோடு சேர்ந்தது, கீரனும் ஒலிபெருக்கியோடு சேர்ந்தவன். ஆகவே ஹேஸல்பியின் சனிக்கிழமைகளிலும் அவனே அறிவிப்பாளன். லியானும் இரண்டு சனியும் தேநீர் ஊற்றினாள். அப்பா அங்கே இருக்கிறார், சும்மா எப்படி உட்கார்ந்திருப்பது என்பாள்.

அடுத்த சனிக்கிழமை டெரிக் வழக்கம்போல் படியேறி வந்து ஹேஸல்பி வீரர்களின் பெயர்த் தாளைக் கொடுத்தார். ஏழாம் எண்காரனின் பெயரை எப்படி உச்சரிக்கவேண்டும் என்று சொன்னார். இறங்கிப் போனார். ஏதாவது கேட்பார் என்று கீரன் பதில் தயாரித்து வைத்திருந்தான். அது அப்படியே கிடந்தது.

லியான் போனபின் ஞாயிறு மதியச் சாப்பாடு அவனுக்கு டெரிக் வீட்டில்தான். அந்த வாரம் மாணவர்களின் விடைத்தாள் திருத்தவேண்டும் என்று சொல்லி அனுப்பினான். அடுத்த வாரமும் திருத்தினான். குளிர்காலம் முழுக்கத் திருத்தினான். புவியியலில் அவ்வளவு விடைத்தாள் கிடையாது என்பது டெரிக்குக்குத் தெரியும்.

ஈஸ்டர் திங்களன்று இரண்டாவது ஆட்டம். கணக்குப்படி ஹேஸல்பியின் உள்ளூர் ஆட்டம். கோல்ட்விக் வெளியூர் அணி. மைதானம் அதேதான். ஆனால் குழு முறை தவறவில்லை. வெளியூர் அணி என்றால் பேருந்தில் வரவேண்டும். மைதானத்துக்கு எதிர்வீட்டில் குடியிருக்கும் கோல்ட்விக் அணித்தலைவர் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் எல்லைவரை நடந்துபோய் அங்கே பேருந்தில் ஏறினார். பேருந்து ஊரைச் சுற்றி வந்தது. ரவுண்டானாவில் சாலைப் பணி. தங்கள் மைதானத்தின் விளக்குக் கம்பங்களைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அணி நெரிசலில் மாட்டிக்கொண்டது. ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது. பயணக் களைப்பு என்று வோமர்ஸ்லி நடுவரிடம் விளக்கம் கொடுத்தார்.

கோல்ட்விக் ரசிகர்கள் பழக்கத்தில் நுழைந்துவிட்ட முன்வாசல் வழியாக வெளியேறி, மதிலைச் சுற்றி நடந்து, விருந்தாளிகளுக்கான ஆற்றுப்பக்க வாசலில் சீட்டு வாங்கி உள்ளே வந்தார்கள். அந்தப் பக்கத்துக் கழிப்பறையைப் பார்த்துக் கொதித்துப்போனார்கள். மனிதர் நுழையும் இடமா இது என்று ஹேஸல்பி நிர்வாகத்திடம் முறையிட்டார்கள். கழிப்பறை கோல்ட்விக் கழகத்துடையது.

அதைவிடப் பெரிய சண்டை ஒலிபெருக்கிக்கு வந்தது. அறிவிப்பு அறையில் இரண்டு சுவிட்சுகள்: ஒன்று ரயில்பக்கம், ஒன்று ஆற்றுப்பக்கம். ஆற்றுப்பக்கத்தை எப்போதும் அணைத்தே வைக்கவேண்டும் என்பது வோமர்ஸ்லி போட்ட விதி. வெளியூர்க்காரனுக்கு எதற்குத் தகவல்? போடாமல் போடாமல் அதன் கம்பியே துருப்பிடித்துவிட்டது. ஈஸ்டருக்கு முந்தைய வாரம் வெளியூர்க்காரர் என்ற முறையில் வோமர்ஸ்லி தாமே மூன்று பக்கப் புகார் அனுப்பினார். விருந்தாளியைச் செவிடனாக்குவது நாகரிகமா என்று கேட்டிருந்தார். ஹேஸல்பிக்காரர்கள், இது உங்கள் விதிதானே என்றார்கள். கடைசியில் கீரனே ஏணி போட்டு ஏறிப் புதுக் கம்பி மாட்டினான். ஆற்றுப்பக்கம் மணிபோலப் பேசியது. மறுவாரம் மறுபடியும் உள்ளூர்க்காரரான வோமர்ஸ்லி, அதை அணைக்கச் சொல்லிவிட்டார்.

ஹேஸல்பி தன் இறந்தவர்களின் பெயரை ஈஸ்டரில்தான் படிக்கும். அன்று டெரிக் அந்தத் தாளையும் சேர்த்துக் கொண்டுவந்தார். கீரன் மேலிருந்து கீழ்வரை பார்த்தான். இன்னொருமுறை பார்த்தான். லியான் பெயர் இல்லை.

நான்கு மாதத்துக்குப் பிறகு அவன் வாய் திறந்தான். ஏன் என்று கேட்டான்.

"எங்காளுங்களும் கூப்ட்டு விசாரிச்சாங்க," என்றார் டெரிக். "கோல்ட்விக்கிலயே வாக்கப்பட்டு, அங்கயே டீ ஊத்துனவ. அந்த ஊர வெறுத்தாளான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லன்னேன். அவளுக்கு அங்க பிடிச்சிருந்துதுன்னேன். பேர எடுத்துட்டாங்க."

கீழே பேருந்து வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே டெரிக். சும்மா பேச்சுக்கு."

"சொல்லியிருக்கலாம்," என்றார். அவர் அவனைப் பார்க்கவில்லை, சுவிட்சுகளைப் பார்த்தார். "புதுக் கம்பியா? நல்லாருக்கு."

அந்தச் சிறு பாராட்டு கீரனுக்குள் எங்கேயோ போய்க் குத்தியது. அன்று மற்றப் பெயர்களை எப்படிப் படித்தான் என்று அவனுக்கு நினைவில்லை.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை. கோல்ட்விக்கின் கடைசி உள்ளூர் ஆட்டம். கடற்கரைப் பக்கத்து அணி ஒன்று. அவ்வளவு தூரத்திலிருந்து ரசிகர் யாரும் வரவில்லை. ரயில்பக்கம் நிறைந்திருந்தது. பதாகையைத் துவைத்து மறுபடி மாட்டியிருந்தார்கள். ஆற்றுப்பக்கம் காலி. நடுவில் ஒரே ஓர் ஆள். நல்ல கோட்டும் கழுத்துப் பட்டையும். டெரிக். தன் ஆயுளில் முதல்முறையாகக் கோல்ட்விக் ஆட்டத்துக்குச் சீட்டு வாங்கி வந்திருந்தார். ஹேஸல்பிக்காரர் என்பதால் எந்தப் பக்கம் நிற்கவேண்டுமோ அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். மகளின் பெயரை அங்கே படிக்கவில்லை; இங்கே படிக்கிறார்கள். கேட்டுவிட்டுப் போக வந்திருக்கிறார்.

அவர் நிற்கிற இடத்தில் ஒன்றும் கேட்காது.

கீரன் கையில் தாள் இருந்தது. ஒன்பது பெயர். கடைசிப் பெயருக்குக் கீழே மார்ஜரி அழகாக அச்சிட்டிருந்தாள்: 'இறுதி மூச்சிலும் ஹேஸல்பியை வெறுத்தவர்.' நடுவர் விசில் ஊதினார். வீரர்கள் நடுவட்டத்தில் தோளோடு தோள் நின்றார்கள். எல்லோரும் எழுந்தார்கள்.

எட்டுப் பெயரைப் படித்தான். பிறகு ரயில்பக்கச் சுவிட்சை இறக்கினான். ஆற்றுப்பக்கச் சுவிட்சை ஏற்றினான்.

"லியான் அக்ராய்ட்," என்றான். "ஹேஸல்பில பொறந்தவ. டெரிக் பிக்கர்ஸ்கில்லோட மக. அந்த ஊர அவ ஒருநாளும் வெறுத்ததில்ல. நான் சொன்னது பொய்."

காலி மேடைகளில் அவன் குரல் பட்டுத் திரும்பியது. இந்தப் பக்கம் ஒரு சொல்கூட வரவில்லை. ஒலிபெருக்கி வழக்கம்போல் பழுதாகிவிட்டது என்று ரயில்பக்கம் நினைத்துக்கொண்டது. பெயர் அவர்களுக்குத் தெரிந்ததுதானே. அவர்களாகவே கைதட்டினார்கள், அவர்களாகவே பாடினார்கள். *லியானுக்குத் தெரியும், லியானுக்குத் தெரியும்.* தன் துணிச்சல் எவ்வளவு என்று கீரன் அப்போது தெரிந்துகொண்டான்: ஓர் ஆள் கேட்கிற அளவு. தூரத்தில் டெரிக் அசையாமல் நின்றார். கைதட்டவில்லை.

இடைவேளையில் முதலில் மேலே வந்தவர் வோமர்ஸ்லி. கண்கள் கலங்கியிருந்தன. முக்கியமான நேரத்தில் மின்சாரம் காலை வாரிவிட்டது என்று வருந்தினார்.

"ஆனா ஒண்ணு சொல்றேன் தம்பி. மைக்கே இல்லாம ஒரு ஊரே ஒரே மாதிரி வெறுத்துச்சு பாரு, என் வாழ்நாள்ல நான் பாத்ததில்ல. இப்ப மறுபடி படி. அந்தக் கடைசி வரியோட. நான் கீழ போயி முன்னால நிக்கிறேன். நான் கையத் தூக்குறப்ப ஆரம்பி. எறைச்சிப் பரிசுக் குலுக்கல் நம்பர அதுக்கப்புறம் சொல்லிக்கலாம்."

அவர் இறங்க, டெரிக் ஏறி வந்தார். குறுகிய படி. இருவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டார்கள். வோமர்ஸ்லி தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார். டெரிக்கின் பெயர்தான் அவருக்குத் தெரியும், முகம் தெரியாது. ஒரு பருவம் முழுக்க இந்த ஆளின் மகள் பெயரைத்தான் பாடியிருக்கிறார்.

டெரிக் மூச்சு வாங்கினார். மைதானத்தைச் சுற்றி நடந்து வந்திருக்கிறார்.

"ஒண்ணும் கேக்கல," என்றார்.

கீரன் நிமிர்ந்தான்.

"கரகரன்னு இருந்துச்சு. என்னமோ பேசுன. வெளங்கல."

புதுக் கம்பி. அவனே மாட்டியது. மணிபோலப் பேசும். அது அவருக்கும் தெரியும். கீரன் அவர் முகத்தைப் பார்க்க முயன்றான். கழுத்துப் பட்டைவரைதான் போக முடிந்தது. ஹேஸல்பியின் நிறம். முடிச்சைச் சரியாகப் போடத் தெரியாமல் கோணலாக இருந்தது. எப்போதும் லியான்தான் போட்டுவிடுவாள்.

"மன்னிச்சிடுங்க டெரிக்," என்றான்.

"எங்கிட்ட எதுக்கு? நானா பாடுனேன்?"

அவர் கையை நீட்டி ரயில்பக்கச் சுவிட்சை ஏற்றினார். ஆற்றுப்பக்கம் ஏற்கெனவே மேலேதான் இருந்தது. இரண்டு சிவப்பு விளக்குகளும் எரிந்தன. கோல்ட்விக்கின் உள்ளூர் ஆட்டத்தில் அவை சேர்ந்து எரிந்து ஆறு ஆண்டில் கீரன் பார்த்ததில்லை. அவன் மூச்சு விடும் சத்தம் வெளியே மைதானம் முழுக்கக் கேட்டது. கீழே தேநீர் வரிசையில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

பதாகையின் முன் நின்று வோமர்ஸ்லி கையைத் தூக்கினார்.

டெரிக் கதவைச் சாத்தினார். அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. அதன்மேல் முதுகை வைத்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றுகொண்டார்.

"படி," என்றார்.